வகுப்புக்கே போகாமல் பி.எட்.: ஒரு கேள்வியும் அதன் பின் சேர்ந்த குறிப்புகளும்

கேள்வி (2025 ஜூன் 8)

பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறேன். வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள். பக்கத்து மாவட்டத்தில் ஒரு கல்லூரியில், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும், வருகைப்பதிவு, ரெக்கார்டு எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். கட்டணம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். மிச்சமாகும் நேரத்தில் டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்கும், டிஆர்பி என்னும் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வுக்கும் படிக்கலாம் அல்லவா? பி.எட்.டில் எதுவும் கற்றுத் தருவதில்லை என்றுதான் முடித்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். வேலையை முடிவு செய்வது தேர்வு மதிப்பெண்தானே?

பதில் (ஜூன் 8, இரவு)

எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், சரி. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் உங்களுக்காக யார் நிற்பார்கள்? அதற்கும் ஒரு தலைமையாசிரியரின் முத்திரையை வாங்கிக் கொடுத்துவிடுவார்கள் என்று தெரியும். முத்திரை பதிவேட்டில் இருக்கும். நின்ற பழக்கம் உங்களிடம் இருக்காது. அதைப் பிறகு சம்பளம் வாங்கிக்கொண்டு, யார் வீட்டுப் பிள்ளையுடைய ஒன்பதாம் வகுப்பையோ செலவழித்துக் கற்றுக்கொள்வீர்கள்.

நான் இயற்பியல் படித்தவள். 2016-18 பி.எட். இப்போது அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். “எதுவும் கற்றுத் தருவதில்லை” என்பது பாதி உண்மை. எந்தப் பாதி என்று நாளை எழுதுகிறேன். இன்னும் பாடக்குறிப்பு எழுதி முடிக்கவில்லை.

ஜூன் 9

வரிசையை முதலில் சொல்லிவிடுகிறேன். இதையே தெரிந்துகொள்ளாமல் பலர் பணம் கட்டிவிடுகிறார்கள்.

ஆறு முதல் பத்து வரை எடுக்கும் பட்டதாரி ஆசிரியராக வேண்டுமானால் பட்டம், பி.எட்., டெட் இரண்டாம் தாள் மூன்றும் வேண்டும். டெட் தேறினால் வேலை என்று நினைக்காதீர்கள். அது தகுதி மட்டும்தான். 2018-இல் வந்த அரசாணை 149-க்குப் பிறகு அரசுப் பள்ளிப் பணிக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும். அந்த முறையில் பட்டதாரி ஆசிரியர்களுக்கு முதல் தேர்வு நடந்தது 2024 பிப்ரவரியில். நடுவில் எத்தனை ஆண்டு என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள், கணிதம்தானே.

டெட் இரண்டாம் தாளில் 150 கேள்விகள். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, மீதி 60 உங்கள் பாடப் பகுதி. உங்களுக்குக் கணிதமும் அறிவியலும் சேர்ந்து வரும். கணிதம் படித்தவர்கள் உயிரியல் கேள்விகளில் திணறுவார்கள், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

பி.எட். சேரப் பட்டப்படிப்பில் பொதுப்பிரிவுக்கு 50 விழுக்காடு, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 40.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பி.எட். முன்பு ஓராண்டுதான். ஆசிரியர் கல்வியின் நிலையைப் பார்க்க உச்ச நீதிமன்றம் நீதிபதி ஜே.எஸ்.வர்மா தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தது. 2012-இல் அறிக்கை வந்தது. பெருவாரியான பயிற்சி நிறுவனங்கள் தனியார் கையில் இருக்கின்றன, தரம் மோசம் என்று அது வெளிப்படையாகவே சொன்னது. அதையொட்டி 2014-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் புதிய விதிமுறைகள் கொண்டுவந்து, 2015-16 முதல் படிப்பை இரண்டு ஆண்டாக்கியது. கூடுதலாக வந்த காலத்தில் பெரும்பங்கு பள்ளிக்குத்தான்: மொத்தம் இருபது வாரம் பள்ளியில் இருக்க வேண்டும், அதில் பதினாறு வாரம் தொடர்ச்சியாக இரண்டாம் ஆண்டில். ஒரு படிப்பை எதற்காக நீட்டினார்களோ அதையே மறைத்துத் தருகிறேன் என்கிறது நீங்கள் சொல்லும் கல்லூரி. அதற்குக் கூடுதல் கட்டணம் வேறு.

ஜூன் 11

தேனிக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார், எம்.எஸ்சி.யும் இருந்தால் டெட் வேண்டாமா என்று. முதுகலை ஆசிரியர் பணிக்கு வேண்டாம். அது பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கான பணி, தனித் தேர்வு: பாடம் 110, கற்பித்தல் முறையியல் 30, பொது அறிவு 10. முன்னதாகத் தமிழ்த் தகுதித் தாள் இருக்கிறது, அதில் தேறாவிட்டால் பாடத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கில வழியில் படித்தவர்கள் சிலர் இயற்பியலில் பிரமாதமாக எழுதிவிட்டு இங்கே தடுக்கி விழுந்திருக்கிறார்கள்.

ஜூன் 15

பி.எட்.டில் பயனில்லாதது எது என்று பட்டியல் கேட்கிறார்கள். பட்டியல் போடும் பழக்கம் எனக்கு இல்லை. நுண்நிலைக் கற்பித்தலை மட்டும் சொல்கிறேன். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்த முறை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு திறன். பாடம் தொடங்குதல், வினா கேட்டல், விளக்குதல், பாராட்டி வலுவூட்டல், கரும்பலகையைப் பயன்படுத்துதல் என்று ஒவ்வொன்றாக. நம் நாட்டு வடிவத்தில் ஆறு நிமிடம் பாடம், ஆறு நிமிடம் கருத்து, பன்னிரண்டு நிமிடம் திருத்தம், மறுபடி ஆறு, மறுபடி ஆறு. மொத்தம் 36 நிமிடம்.

காகிதத்தில் அழகு. நடப்பது என்ன? உடன் படிக்கும் பத்துப் பேர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளாக மாறி உட்கார்ந்திருப்பார்கள். எம்.எஸ்சி. தாவரவியல் முடித்தவர் எழுந்து “ஒளிச்சேர்க்கை என்றால் என்ன, டீச்சர்?” என்று கேட்பார். டீச்சர் “மிகவும் நன்று, உட்கார்” என்பார். வலுவூட்டல் திறனுக்கு ஒரு டிக். கையில் குழந்தையோடு படிக்க வந்த அக்கா ஒருவரைக் குறும்புக்கார மாணவனாக நடிக்கச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் வகுப்பே கலைந்தது. நாடகம்தான், வேறென்ன.

ஜூன் 22

பாடத்திட்டம் எழுதுவதைப் பற்றிப் பலரும் புலம்பியிருக்கிறீர்கள். நியாயம்.

தெரியாதவர்களுக்கு: ஒவ்வொரு வகுப்புக்கும் முன்கூட்டியே எழுதும் லெசன் பிளான் இது. கட்டம் போட்ட தாள். ஒரு பத்தியில் கற்பித்தல் கருத்து, அடுத்ததில் ஆசிரியர் செயல்பாடு, அதற்கடுத்து மாணவர் செயல்பாடு, கடைசியில் மதிப்பீடு. இதில் மூன்றாவது பத்தியைத்தான் நான் கடைசி வரை நம்பவில்லை. முந்தின இரவு பதினொரு மணிக்கு விடுதியில் உட்கார்ந்து “மாணவர்கள் ஆர்வத்துடன் கவனிக்கின்றனர்” என்று நிகழ்காலத்தில் எழுதுவோம். மறுநாள் அவர்கள் ஆர்வத்துடன் கவனித்தாக வேண்டும். எழுதிவிட்டோமே!

எனக்கு ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்கள் பாடம். பிளாஸ்டிக் பாட்டிலில் மேல், நடு, அடி என்று மூன்று துளை போட்டுத் தண்ணீர் நிரப்புவது பழைய செய்முறை. ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும், அதனால் அடித்துளைத் தண்ணீர்தான் தொலைவில் விழும் என்று பல புத்தகங்களில் படம் போட்டிருக்கும். மாணவர் செயல்பாட்டுப் பத்தியிலும் அப்படியே எழுதியிருந்தேன்: “அடித்துளைத் தண்ணீர் அதிகத் தொலைவில் விழுவதை மாணவர்கள் உற்றுநோக்குகின்றனர்.” பாட்டிலைத் தரையில் வைத்துத் துளைகளைத் திறந்தால், நடுத்துளைத் தண்ணீர்தான் தூரமாகப் போனது. முன் வரிசைப் பெண் ஒருத்தி அதைச் சொன்னாள். கூட்டம் முழுவதும் எழுந்து எட்டிப் பார்த்தது. ஆர்வத்துடன்!

இயற்பியல் ஒன்றும் பிசகவில்லை. அடித்துளையில் வேகம் அதிகம்தான். ஆனால் தரை பக்கத்திலேயே இருப்பதால் காற்றில் பயணம் செய்ய நேரமில்லாமல் விழுந்துவிடுகிறது. தரையில் வைத்தால் நடுத்துளைதான் வெல்லும், கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைசி பெஞ்சில் வழிகாட்டி ஆசிரியர் உட்கார்ந்திருந்தார். வகுப்பு முடியும்வரை வாய் திறக்கவில்லை. மணி அடித்த பிறகு, “அடுத்த பிரிவுக்குப் பாட்டிலை மேசை விளிம்பில் வையுங்கள், டீச்சர். இவர்களுக்கு நாளைக்கு ஏன் என்று கேளுங்கள்” என்றார். அவ்வளவுதான். விளிம்பில் வைத்தபோது, கீழே விழ இடம் கிடைத்து, அடித்துளை முந்தியது. இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினால் ஒரு பாடவேளை போதாது, அப்படிப் பேசுவார்கள் பிள்ளைகள். இன்றும் அப்படித்தான் எடுக்கிறேன்.

பாடத்திட்டம் வீணா என்று கேட்டால், எழுதுவது வீணில்லை. யாரும் பார்க்காமல் மொத்தமாகக் கையெழுத்து வாங்குவதுதான் வீண்.

ஜூலை 6

பள்ளிப் பயிற்சி பற்றி எழுதுகிறேன் என்று சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தேன்.

பயிற்சிக்குப் போனால் முதல் வாரம் உங்களுக்கு நாற்காலி இருக்காது. ஆசிரியர் அறையில் யாராவது வராத நாளில்தான் உட்கார இடம். பிள்ளைகள் உங்களை “டிரெய்னிங் டீச்சர்” என்பார்கள். நீங்கள் போய்விடுவீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும், அதற்கேற்றபடிதான் நடந்துகொள்வார்கள். பத்தாம் வகுப்பைத் தரமாட்டார்கள், பொதுத்தேர்வு வகுப்பைப் பழகுபவர் கையில் எந்தத் தலைமையாசிரியரும் விடமாட்டார். ஆறு, ஏழு, எட்டு, அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்பது.

அப்புறம் வேலை வாங்குவார்கள். வருகைப் பதிவேடு கூட்டிப் போடுவது, இலவச நோட்டுகளை எண்ணிப் பிரிப்பது, இணையதளத்தில் விவரம் ஏற்றுவது, விளையாட்டு விழாவுக்குக் கோலம். “பயிற்சிக்கு வந்தோமா எடுபிடி வேலைக்கு வந்தோமா” என்று நாங்களும் பேசிக்கொள்வோம். ஆசிரியர் வேலையில் பாதி இதுதான் என்பது சேர்ந்த பிறகு தெரிகிறது. ஆனாலும் பயிற்சி மாணவரை எழுத்தராக வைத்துக்கொள்வது முறையில்லை, அதை நியாயப்படுத்த மாட்டேன்.

எல்லாரும் அலுத்துக்கொள்ளும் இன்னொன்று, மாற்றுப் பாடவேளை. ஓர் ஆசிரியர் விடுப்பு என்றால் “அந்த பி.எட். டீச்சரை அனுப்புங்கள்” என்பார்கள். பாடத்திட்டம் கிடையாது, சார்ட் கிடையாது, அது உங்கள் பாடமாகக்கூட இருக்காது. எனக்குத் தொழில் பழகியது அங்கேதான்.

ஒரு நாள் கடைசிப் பாடவேளை. சமூக அறிவியல் ஆசிரியர் வரவில்லை. வெயில். பாதிப் பேர் மேசையில் கவிழ்ந்திருந்தார்கள். எதையும் தொடங்காமல், உங்களுக்கு எதில் சந்தேகம், எதுவானாலும் கேளுங்கள் என்றேன். நீண்ட நேரம் யாரும் கேட்கவில்லை. பிறகு ஒரு பையன் எழுந்து, கோடையில் அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இருந்தும் மேலே இருக்கும் மோட்டார் இழுக்கவில்லை, அப்பா மோட்டாரைக் கிணற்றுக்குள் திட்டில் இறக்கி வைத்தார், உடனே தண்ணீர் வந்தது, ஏன் என்று கேட்டான். மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை, வெளிக்காற்றின் அழுத்தம்தான் குழாய்க்குள் தள்ளுகிறது, அதற்கு ஏறத்தாழ பத்து மீட்டர்தான் வலு, நடைமுறையில் அதைவிடக் குறைவு என்று கிணற்றைப் பலகையில் வரைந்து சொன்னேன். கவிழ்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். அவரவர் வீட்டுக் கிணற்று ஆழத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவன் “அப்படியானால் எங்கள் போர்வெல்லில் எப்படி வருகிறது?” என்று மடக்கினான். நீர்மூழ்கி மோட்டார் அடியிலிருந்து தள்ளுகிறது என்று அவனுக்கு நான் சொல்வதற்குள் இன்னொருத்தி சொல்லிவிட்டாள்.

இதை எந்த டெட் பயிற்சி மையமும் தராது. குழந்தை மேம்பாட்டுக்கான அந்த முப்பது கேள்வியில் பியாஜே, வைகாட்ஸ்கி என்று உளவியலாளர் பெயர்களைப் பொருத்தச் சொல்வார்கள். பொருத்தலாம். பிள்ளை தன் வீட்டிலிருந்து கொண்டுவரும் அறிவின் மேல் கட்டுவது என்று வைகாட்ஸ்கியை மனப்பாடம் செய்தபோது எனக்கு அது ஒரு மதிப்பெண். கிணற்றுக்குப் பிறகுதான் என்ன சொல்கிறார் என்று விளங்கியது.

ஜூலை 7

“எல்லாருக்கும் கிணற்றுப் பையன் கிடைக்கமாட்டான்” என்று ஒருவர். உண்மை. சில நாள் நாற்பது நிமிடமும் கூச்சல்தான் கிடைக்கும். அதுவும் பள்ளியில்தான் கிடைக்கிறது.

ஜூலை 20

கல்லூரி எது நல்லது என்று பெயர் கேட்டுத் தனிச்செய்தி அனுப்பவேண்டாம். சொல்லமாட்டேன். பொதுவாகச் சொன்னால், அரசு, உதவிபெறும் கல்லூரிகளில் இரண்டாயிரம் இடங்கள் அளவில்தான். சென்னை சைதாப்பேட்டைக் கல்லூரி 1856-இல் தொடங்கியது. சென்னையிலேயே லேடி வெலிங்டன் கல்லூரியும் இருக்கிறது. புதுக்கோட்டை, ஒரத்தநாடு, குமாரபாளையம், வேலூர், கோயம்புத்தூரிலும் அரசுக் கல்லூரிகள் உண்டு. மதிப்பெண் இருந்தால் முதலில் அங்கே விண்ணப்பியுங்கள். கட்டணம் மிகக் குறைவு.

தனியாரில் சேர்வதென்றால் கட்டடம், ஸ்மார்ட் போர்டு பார்த்து மயங்காதீர்கள். இறுதியாண்டு மாணவர் இருவரைத் தனியாகப் பிடித்து, பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள், கல்லூரியிலிருந்து யாராவது வந்து பின்னால் உட்கார்ந்தார்களா, உட்கார்ந்தவர் ஏதாவது சொன்னாரா என்று கேளுங்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தாலே விடை கிடைக்கும். அங்கீகாரம், பல்கலைக்கழக இணைப்பு இரண்டும் இந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்பதை மட்டும் நீங்களே சரிபார்த்துவிடுங்கள். முகத்தை நம்பக்கூடாத இடம் அது.

தொலைதூர பி.எட். பற்றிக் கேட்டவருக்கு: எல்லாரும் சேர முடியாது. ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கும், தொடக்கக் கல்வியில் பயிற்சி பெற்றுப் பணியில் இருப்பவர்களுக்கும்தான்.

ஆகஸ்ட் 12

டெட் அறிவிப்பு வந்துவிட்டது. நவம்பர் 1, 2. கேள்வி கேட்ட தங்கை அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் சேர்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். வாழ்த்துகள். “நீங்கள் சொன்னதற்காக இல்லை, கட்டணம் குறைவு என்பதற்காக” என்றும் சேர்த்திருக்கிறார். கணிதக்காரர்.

செப்டம்பர் 3

ஆசிரியர் அறையில் இரண்டு நாளாக வேறு பேச்சே இல்லை. உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 1 அன்று தீர்ப்புச் சொல்லிவிட்டது: பணியில் இருப்பவர்களும், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தால், இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும். ஐந்து ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் டெட் இல்லாமல் பதவி உயர்வு இல்லை. சிறுபான்மைப் பள்ளிகள் விஷயம் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது.

டெட் என்பதே கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து 2010 ஆகஸ்டில் வந்த அறிவிப்பால் வந்தது. அதற்கு முன்பே சேர்ந்து, இருபது ஆண்டுக்கு மேல் கரும்பலகை முன் நின்றவர்களை இப்போது வட்டத்தைக் கருப்பாக்கி விடை குறிக்கும் ஓ.எம்.ஆர். தாள் முன் உட்கார வைக்கிறோம். எனக்கு இது ஒப்பவில்லை. பணிக்குள் நுழைபவருக்கு வைக்கும் தேர்வை, பணி செய்துகொண்டிருப்பவரை அளக்கும் கோலாக வைப்பது பொருந்தாது. அவர்களில் பாடம் நடத்தாமல் ஓட்டுகிறவர்கள் உண்டு. அவர்களையும் இந்தத் தேர்வு பிடிக்காது, நன்றாக மனப்பாடம் செய்து தேறிவிடுவார்கள்.

2012 ஜூலையில் நடந்த முதல் டெட் நினைவிருக்கிறதா? ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி 2,448 பேர்தான் தேறினார்கள். 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம்தான் தந்திருந்தார்கள். அக்டோபரில் மறுதேர்வு வைத்து மூன்று மணி நேரம் தந்ததும் பல மடங்கு பேர் தேறினார்கள். மூன்று மாதத்தில் தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு அறிவு பெருகிவிட்டதா என்ன?

செப்டம்பர் 14

நுண்நிலைக் கற்பித்தலை நாடகம் என்று ஜூனில் எழுதியதற்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா ஒருவர் நீளமாக மறுத்திருக்கிறார். அவர் சொல்வதில் ஒன்றை ஏற்கிறேன். கரும்பலகைத் திறன். பலகைக்கு முதுகு காட்டாமல், பக்கவாட்டில் நின்று எழுதுவது, எழுதியதை மறைக்காமல் விலகுவது, படத்துக்கு இடம் விட்டு எழுதத் தொடங்குவது எல்லாம் எனக்கு அந்த ஆறு ஆறு நிமிடங்களில் வந்ததுதான். பி.எட். போகாமல் தனியார் பள்ளியில் நேரே சேர்ந்தவர்கள் பலகையோடு பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். வினா கேட்டலிலும் ஒன்று உண்டு: கேள்வியை முதலில் சொல், பிறகு பெயரைச் சொல். பெயரை முதலில் சொன்னால் மீதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அதையும் அங்கேதான் சொன்னார்கள்.

நாடகம் என்பதை மட்டும் மாற்றமாட்டேன், ஐயா. ஒத்திகை இல்லாமல் மேடையேறக் கூடாது என்று வேண்டுமானால் சேர்த்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 5

பிளஸ் டூ படிக்கும் மகளுக்காக ஒரு தாய் கேட்டிருக்கிறார். பட்டத்தையும் பி.எட்.டையும் சேர்த்து நான்கு ஆண்டில் முடிக்கும் படிப்பு இருக்கிறது. புதிதல்ல. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம் (என்சிஇஆர்டி) நடத்தும் மைசூரு மண்டலக் கல்வி நிறுவனத்தில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. தென் மாநிலங்களுக்கானது அது. 2023-24 முதல் புதிய ஒருங்கிணைந்த நான்காண்டுப் படிப்பை மற்ற நிறுவனங்களிலும் தொடங்கியிருக்கிறார்கள். நுழைவுத் தேர்வு உண்டு. பதினேழு வயதிலேயே ஆசிரியராவது என்று தீர்மானித்த பெண்ணுக்கு நல்ல வழி. ஓராண்டு மிச்சம். தீர்மானிக்காத பெண்ணைத் தள்ளாதீர்கள், நடுவில் மாறுவது கடினம்.

ஓராண்டு பி.எட். திரும்ப வருகிறதா என்று கேட்பவர்களுக்கு: முதுகலை முடித்தவர்களுக்கும் நான்காண்டுப் பட்டம் படித்தவர்களுக்கும் என்று இந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு வரைவு வந்தது. வரைவை நம்பி ஓராண்டு காத்திருப்பது உங்கள் துணிச்சல்.

நவம்பர் 16, இரவு

தேர்வுத் தேதி தள்ளிப்போய் நேற்றும் இன்றும் நடந்தது. இன்று அறைக் கண்காணிப்பாளர் பணி எனக்கு. என் அறையில் தலை நரைத்தவர்கள் கணிசம். ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வட்டத்தைக் கருப்பாக்கினார். அவருக்கு இரண்டு வரிசை தள்ளி இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பெண், அவரிடம் படித்தவளாம். அவர் உள்ளே வரும்போது “வணக்கம் ஐயா” என்று எழுந்து நின்றாள். அவர் “உட்காரம்மா, நானும் உன்னைப்போலத்தான் வந்திருக்கிறேன்” என்றார். அறையில் எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். செப்டம்பரில் எழுதியதில் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை.

நவம்பர் 23

தங்கையிடமிருந்து மறுபடியும் கடிதம். முதலாம் ஆண்டுப் பள்ளிப் பார்வைக்குப் போகிறாராம், என்ன எடுத்துப்போவது என்று கேட்கிறார். சொந்தமாகச் சாக்பீஸ் ஒரு பெட்டி, பலகை துடைக்க ஒரு துணி. பள்ளியில் கேட்டால் கிடைக்கும், ஆனால் கேட்டு வாங்கும் நேரத்தில் வகுப்பு கைவிட்டுப் போயிருக்கும். தண்ணீர் பாட்டில், தொண்டைக்காக. பிள்ளைகள் பெயரை எழுத ஒரு சின்ன நோட்டு. முதல் நாளே பத்துப் பெயராவது தெரிந்துகொள்ளுங்கள், கடைசி வரிசையிலிருந்து தொடங்கி.

சார்ட்டைக் கடையில் வாங்கலாமா என்று இன்னொருவர். மனித இதயம் வேண்டுமானால் வாங்குங்கள், என் கையால் வரைந்த இதயத்தைப் பார்த்துச் சுரைக்காய் என்று சொல்லிவிட்டார்கள். வடிவியல் படங்களைப் பலகையில் பிள்ளைகள் முன்னால் வரையுங்கள்.

ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை பச்சையா நீலமா? உங்கள் கல்லூரி சொல்லும் நிறம்தான். அதில் மட்டும் வாதாட வேண்டாம்.